அடுப்படிக்கு மட்டும் தடையாணை

லவோனா கிரிம்ஸின் வீட்டை மூழ்கடிப்பது என்று ஆற்று வாரியம் எடுத்த முடிவில் சட்டப் பிழை எதுவும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே எல்லாமே சட்டப்படிதான் நடக்கிறது. எங்காவது ஒரு லஞ்சம், ஒரு திருட்டுத்தனம் வெளியே வராதா என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அப்படி ஒன்று இருந்திருந்தால் லவோனாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாகவாவது இருந்திருக்கும்.

அந்த வசந்தத்தில் ஒலாடா ஆறு ஏறிக்கொண்டே வந்தது. கீழே துறைமுக நகரம் இருக்கிறது. அதைக் காப்பாற்ற வேண்டுமானால் மேலே எங்காவது மதகைத் திறந்து வெள்ளத்தை வெளியே விட வேண்டும். மதகுகள் இரண்டு. ஒன்றைத் திறந்தால் வாத்து வேட்டைக் கிளப்பின் சதுப்பு நிலத்தில் தண்ணீர் பாயும். அங்கே குடியிருப்பு எதுவும் இல்லை. வாத்துகளுக்கு நீந்தத் தெரியும். இன்னொன்றைத் திறந்தால் காசிட் வளைவு என்ற ஆற்றோரப் பகுதி மூழ்கும். அங்கே லவோனாவின் வீடும் அவளுடைய பீக்கன் கொட்டை மரங்களும் இருந்தன. வாரியம் நன்றாக யோசித்துக் காசிட் வளைவைத் தேர்ந்தெடுத்தது.

லவோனா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். அந்த வீட்டை அவளும் அவள் புருஷன் ராயும் கல்யாணமான புதிதில் பலகை பலகையாகச் சேர்த்துக் கட்டினார்கள். ராய் ஏணியில் நின்று ஆணி அடிக்க, அவள் கீழே நின்று பலகையைத் தாங்கிப் பிடித்தாள். ராய் இறந்துபோய்விட்டான். மர ஆலையில் இடுப்பு ஒடிந்த அவள் தம்பி டெல்பர்ட் இப்போது அவளோடு இருந்தான். அவளுக்கு என்று பூமியில் இருந்தது அந்த வீடு ஒன்றுதான்.

"அக்கா, சாமானை எல்லாம் வண்டியில ஏத்திருவோமா?" என்றான் டெல்பர்ட், வாரியத்தின் அறிவிப்பை ரேடியோவில் கேட்டதும்.

"வாயைக் கழுவுடா. இது என் வீடு. எவனோ வந்து தண்ணியத் தொறந்து விடுவான், நான் மூட்டை கட்டிக்கிட்டுப் போகணுமா? கோர்ட்டுன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

இந்தக் கேள்விக்கு அவளுக்குப் பதில் கிடைத்தது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

ஆற்று வாரியம் மத்திய அரசுடையது. அதன் மேல் வழக்குப் போட ஃபெடரல் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். ஊரில் இருந்த ஒரே வக்கீல் எம்மெட் டூலி, பெரும்பாலும் மாடு வேலி தாண்டிய வழக்குகளைப் பார்ப்பவர். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை மாட்டிக்கொண்டு அவரும் கிளம்பினார். இருவரும் கார்வெல் நகரத்தில் இருக்கும் வடக்கு மாவட்ட ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனார்கள். வாசலில் பளிங்குத் தூண்கள். தூண்களுக்கு நடுவே 'நீதியின் நூறு ஆண்டுகள்' என்று பட்டுத் துணியில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே போனால் செத்துப்போன நீதிபதிகள் எல்லாரும் எண்ணெய் வண்ணத்தில் வரிசையாகத் தொங்கினார்கள். ஒருத்தர் முகத்திலும் அவசரம் என்பதே இல்லை.

நீதிபதி ஆம்புரோஸ் வெதர்பி உயிரோடு இருந்தார். ஆனால் அவரும் அந்த வரிசையில் இடம் பார்த்து வைத்துவிட்டவர் போலத்தான் உட்கார்ந்திருந்தார்.

டூலி எழுந்தார். "யுவர் ஆனர், வாரியம் எந்த நேரமும் மதகைத் தொறந்துரும். தொறந்தா இந்தம்மா வீடு கூரை வரைக்கும் முழுகிரும். அதனால உடனே ஒரு தடையாணை..."

"மிஸ்டர் டூலி," என்றார் வெதர்பி கனிவாக. "தண்ணியைப் பத்தி அப்புறம் பேசலாம். இந்த கோர்ட்டுக்கு உங்க கட்சிக்காரரோட குறையைக் கேக்க அதிகாரம் இருக்கான்னு முதல்ல முடிவாகணும். அதிகாரம் இல்லாம கேட்டுட்டேன்னா, கேட்டதே செல்லாது. அதனால இப்போதைக்கு நான் அவங்களைப் பார்க்கவே இல்ல."

லவோனா கையைத் தூக்கி ஆட்டினாள். "சார், நான் இங்கதான் இருக்கேன். உங்க எதுக்கத்தான்."

"குறிப்புல நீங்க இல்லம்மா," என்றாள் கோர்ட் குமாஸ்தா மிஸ் ஆர்டிஸ், மெல்லிய குரலில். "உக்காருங்க."

பிறகு வெதர்பி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கழற்றி வைத்தால் வரலாறு பேசப் போகிறார் என்று அர்த்தம். கோர்ட்டில் வழக்கமாக இருப்பவர்கள் எல்லாரும் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

"இந்த மாநிலத்துக்கு முதல்ல ஒரே ஒரு ஃபெடரல் கோர்ட்டுதான் இருந்தது. வேலையும் அதிகமில்ல. ஆனா நம்ம மாநிலத்துல இருந்து போன செனட்டர்கள் ரெண்டு பேர். ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு மருமகன். ரெண்டு மருமகனும் வக்கீலுக்குப் படிச்சுட்டு வருமானம் இல்லாம இருந்தாங்க. ஒரு நாற்காலியில ரெண்டு பேரை எப்படி உக்கார வைக்கிறது? அந்த நெருக்கடியில பிறந்ததுதான் இந்த மகத்தான ஏற்பாடு. மாநிலத்தை வடக்கு மாவட்டம், தெற்கு மாவட்டம்னு ரெண்டாப் பிரிச்சாங்க. ஒலாடா ஆத்தோட நடுமத்திதான் எல்லைன்னு சட்டத்துல எழுதினாங்க. அந்த மருமகன்ல ஒருத்தர் என் தாத்தா." அவர் சுவரில் தொங்கிய ஓர் எண்ணெய்ப் படத்தை நிமிர்ந்து பார்த்தார். "தொலைநோக்குன்னா அதுதான் மிஸ்டர் டூலி."

"யுவர் ஆனர், தண்ணி..."

"அங்கதான் வர்றேன். நாடாளுமன்றத்தைக் கேக்காம அந்த ஆறு ஒரு பெருவெள்ளத்துல தடம் மாறி வடக்க தாவிருச்சு. பழைய தடம் காஞ்சு மேடாச்சு. அந்த மேட்டு மேலதான் உங்க கட்சிக்காரர் வீடு கட்டியிருக்கார். இப்போ கேள்வி என்ன? ஆறு நகர்ந்தா எல்லையும் கூடவே நகருமா? நகரும்னா அந்த வீடு தெற்கு மாவட்டம். நகராதுன்னா பழைய தடம் எங்க ஓடிச்சுன்னு தேடணும். அது யாருக்கும் தெரியாது. எவ்வளவு அழகான கேள்வி! இந்தக் கேள்வியைக் கொண்டு வர ஒரு ஆள் கிடைக்க மாட்டாரான்னு நாங்க ரெண்டு தலைமுறையா காத்திருக்கோம்."

வாரியத்தின் வக்கீல் ஸ்டிராட்டன் பெல் எழுந்தார். சாம்பல் நிறக் கோட்டு, சுருக்கமே இல்லாத முகம். அவரிடம் வெதர்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ஆள் இல்லாத சதுப்பு நிலத்தை விட்டுவிட்டு ஏன் இந்தப் பக்கம்?

"கோர்ட்டார் கேட்டதுக்கு நன்றி," என்றார் பெல். "வேட்டைக் கிளப் சந்தேகமே இல்லாம தெற்கு மாவட்டத்துல இருக்கு. அங்க தொறந்தா கிளப்காரங்க மதியச் சாப்பாட்டுக்குள்ள ஸ்டே வாங்கிருவாங்க. காசிட் வளைவு எந்த கோர்ட்டுக்குச் சேர்ந்ததுன்னு யாருக்கும் தெரியாது. அதனால அங்க யாரும் ஸ்டே வாங்க முடியாது. எங்க வாரியம் சட்டத்தை மதிக்கிற வாரியம், யுவர் ஆனர். சட்டம் எங்களைத் தடுக்க முடியாத இடமாப் பார்த்துத்தான் நாங்க எதையும் செய்வோம்."

"நேர்மையான பதில்," என்று வெதர்பி தலையசைத்தார்.

தான் கேட்டது சரிதானா என்று லவோனா டூலியின் முகத்தைப் பார்த்தாள். டூலி தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் உத்தரவு வந்தது. எல்லை ஆற்றோடு நகரும் என்று கருத இடமிருப்பதால், இந்த வழக்கைக் கேட்கும் பெருமையை 'நமது மேன்மைமிகு சகோதர நீதிமன்றத்துக்கு' விட்டுக்கொடுப்பதாக வடக்கு மாவட்டம் அறிவித்தது. ஆகவே லவோனா மறுநாள் தன் பழைய வண்டியில் தெற்கு மாவட்டக் கோர்ட்டுக்கு ஓடினாள். வழியில் பாலத்து முனையில் நிறுத்தி எட்டிப் பார்த்தாள். ஆறு பாலத்தின் வயிற்றைத் தொட்டுக்கொண்டு போனது.

தெற்கு மாவட்ட நீதிபதி லூதர் கல்பெப்பர் அவளை வரவேற்றுக் காபி கொடுக்கச் சொன்னார். வெதர்பியின் உத்தரவைத் திறந்த கோர்ட்டில் உரக்கப் படித்தார். 'மேன்மைமிகு' என்ற இடம் வந்ததும் நிறுத்தி, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இவ்வளவு பெருந்தன்மையா விட்டுக்கொடுக்குறவர்கிட்ட இருந்து ஒரு வழக்கை நான் எப்படி வாங்கிக்க முடியும்? அது மரியாதையா? எல்லை நகராதுங்கறதுதான் என் பணிவான கருத்து. வழக்கு வடக்குக்கே சொந்தம்."

"சார்," என்று லவோனா குறுக்கே பேசினாள். "நீங்க ரெண்டு பேரும் எனக்காகச் சண்டை போட்டாக் கூடத் தேவலையே. ஆளாளுக்குத் தள்ளி விடுறீங்களே."

"சண்டையா?" கல்பெப்பர் பதறிப்போனார். "அம்மா, இந்த நூறு வருஷத்துல ரெண்டு கோர்ட்டும் ஒரு தடவை கூடச் சண்டை போட்டது கிடையாது. அதுதான் எங்க சாதனை. விழா மலர்ல முதல் பக்கத்துலயே போட்டிருக்கோம்."

வெதர்பி இன்னும் உயர்ந்த பணிவோடு திருப்பி அனுப்பினார். கல்பெப்பர் அதையும் மிஞ்சினார். கல்யாண வீட்டு வாசலில் 'நீங்கள் முதலில் போங்கள்' என்று உபசாரம் பண்ணிக்கொண்டு வழியை அடைத்து நிற்கும் இரண்டு சம்பந்திகள் மாதிரி அந்த இரண்டு கோர்ட்டும் நின்றன. அவர்களுக்கு நடுவே ஒரு பெண் பெட்ரோலைக் கொட்டி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள் என்பது இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை. இவர்கள் கெட்டவர்கள் இல்லை. நாயை உதைக்க மாட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவார்கள், பேரப் பிள்ளைகளுக்குத் தூண்டில் போடக் கற்றுக்கொடுப்பார்கள். எனக்கு வயிறெரிவதே அதனால்தான்.

"அக்கா, இன்னைக்கு நீ யாரோட ஆளு?" என்று டெல்பர்ட் தினமும் கேட்க ஆரம்பித்தான். "வடக்கா, தெற்கா? அதுக்கேத்த மாதிரி கட்டிலத் திருப்பிப் போட்டுக்குறேன்."

"சும்மா இருடா. அடிச்சிருவேன்."

"அடி. எந்த கோர்ட்டுலயும் உன்மேல கேஸ் போட முடியாது."

சிரிக்காமல் இருக்க முடியவில்லை. சிரித்து முடித்ததும் அவளுக்கு அழுகை வந்தது. அடுப்பைப் பற்றவைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இதற்குள் நூற்றாண்டு விழா வந்தது. விழாவையொட்டி இரண்டு மாவட்ட நீதிபதிகளும் சேர்ந்து ஒரு கூட்டு அமர்வு நடத்த வேண்டும். அதுவும் எல்லையிலேயே நடத்தினால் எவ்வளவு சிறப்பாக இருக்கும் என்று விழாக் குழு யோசித்தது. எல்லை எங்கே என்றுதான் தெரியாது. அதையே தேடிக் கண்டுபிடித்தால் விழாவும் ஆயிற்று, வழக்கும் ஆயிற்று. பழைய ஆற்றுத் தடத்தின் நடுவில் இருந்த ஒரு பாறைத் திட்டில் அந்தக் காலத்து நில அளவைக்காரர்கள் எல்லைக்கல் நட்டதாகக் கோர்ட்டின் வரலாற்றுக் கழகம் சொன்னது. ஆகவே எல்லாரும் காசிட் வளைவுக்குப் புறப்பட்டார்கள். சேற்றுப் பாதையில் கார் போகாது என்பதால் பள்ளிக்கூடப் பேருந்தை வாடகைக்கு எடுத்தார்கள். பள்ளிக்கூடம் அதற்கு ஓட்டுநராக லவோனாவை அனுப்பியது.

தன் வீட்டுக்குத் தானே அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கறுப்பு அங்கி போட்ட கிழவர்கள் குழந்தைகளின் இருக்கையில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோர இடத்தைக் கல்பெப்பருக்கு வெதர்பி விட்டுக்கொடுத்தார். கல்பெப்பர் மறுத்தார். கடைசியில் அந்த இடத்தில் யாருமே உட்காரவில்லை.

காம்பஸும் பழைய வரைபடமுமாக வரலாற்றுக் கழகத்தார் தோட்டத்தைச் சுற்றினார்கள். பீக்கன் மரங்களுக்கு நடுவே கயிறு கட்டினார்கள். கயிறு நேராக வீட்டுக்குள் போனது. அடுப்படிக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருக்கிற நிலைப்படியில் போய் நின்றது. உடனே கோர்ட் காவலர்களான இரண்டு மார்ஷல்கள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள்.

"டேய், அந்தப் பலகையை விடு!" என்று லவோனா ஓடினாள். "அது ராய் இழைச்சுப் போட்ட பலகை!"

"வரலாறும்மா," என்றார் கழகத் தலைவர்.

பலகை முறிந்தது. கீழே மண்ணுக்குள் ஒரு கல்லின் தலை தெரிந்தது. ஒரு பக்கம் 'வ', மறு பக்கம் 'தெ' என்பதற்கான எழுத்துகள். கைதட்டல் வீட்டுக் கூரையைப் பிளந்தது. வெதர்பியும் கல்பெப்பரும் அந்தக் குழியின் மேலாகக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். புகைப்படம் எடுக்கப்பட்டது. அடுப்பின் மேல் லவோனா வைத்திருந்த பீக்கன் கொட்டைப் பலகாரத்தை யாரோ துண்டு போட்டு எல்லாருக்கும் கொடுத்தார்கள்.

பிறகு அங்கேயே கோர்ட் கூடியது. வெதர்பி அடுப்படி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். கல்பெப்பர் படுக்கையறையில், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அதிகாரக் கேள்வி தீர்ந்தது," என்று வெதர்பி முழங்கினார். "எல்லை நகரவில்லை. அடுப்படி வடக்கு மாவட்டம். அடுப்படியைப் பொறுத்தவரை மனுதாரர் கேட்ட தடையாணையை முழுமையாக வழங்குகிறேன். அடுப்படிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரக் கூடாது."

லவோனா டூலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"படுக்கையறை தெற்கு மாவட்டம்," என்றார் கல்பெப்பர் கட்டிலில் இருந்தபடி. "அதைப் பொறுத்தவரை என் முன்னால் மனு எதுவும் இல்லை. இருந்ததை நானே மரியாதையோடு திருப்பி அனுப்பிவிட்டேன். தடையாணை இல்லை."

டூலி வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தினார். "யுவர் ஆனர்! படுக்கையறைக்குள்ள தண்ணி வந்தா அடுப்படிக்குள்ள வராதா? நடுவுல கதவு கூடக் கிடையாது!"

"வந்தால் அது என் உத்தரவை மீறின செயல்," என்றார் வெதர்பி கண்டிப்பாக. "மிஸ்டர் பெல், வாரியம் மீறுமா?"

"கனவுலயும் மீறாது. தண்ணியைப் படுக்கையறைக்குள்ள மட்டும் விடுறதா வாரியம் உறுதி கொடுக்குது."

"தண்ணிக்கு உங்க கல்லு தெரியுமாய்யா?" லவோனாவின் குரல் வீட்டைத் தாண்டித் தோட்டம் வரைக்கும் கேட்டது. "படிச்ச மனுஷங்கதானே நீங்க? ஒரு வாளித் தண்ணிய இந்த ரூமுல ஊத்திப் பாருங்க, எங்க போகுதுன்னு! என் வீட்டுல உக்காந்து, என் பலகாரத்தைத் தின்னுட்டு, என் வீட்டையே ரெண்டா அறுக்குறீங்களே, வெக்கமா இல்ல?"

கோர்ட் அவமதிப்பு. மார்ஷல் அவள் கையைப் பிடிக்க வந்தார். ஆனால் அவள் நிலைப்படியில் நின்றிருந்தாள். ஒரு கால் வடக்கில், ஒரு கால் தெற்கில். எந்தக் கோர்ட்டை அவமதித்தாள் என்று தீர்மானிக்க முடியவில்லை. வெதர்பி அந்த உரிமையைக் கல்பெப்பருக்கு விட்டுக்கொடுத்தார். கல்பெப்பர் மறுத்தார். அந்த எல்லையால் லவோனாவுக்கு விளைந்த நன்மை இது ஒன்றுதான். அப்புறம் அவள்தான் அவர்களைப் பேருந்தில் ஏற்றிக் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. வழி முழுக்க அவர்கள் விழா விருந்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

வாரியம் சொன்ன சொல் தவறவில்லை. ஆட்களை அனுப்பியது. அவர்கள் வீட்டுக்குள் வந்து, அடுப்படிக்கும் படுக்கையறைக்கும் நடுவே இடுப்பளவுக்கு மணல் மூட்டை அடுக்கினார்கள். படுக்கையறைப் பக்கம் ஜன்னலைத் திறந்து வைத்தார்கள், தண்ணீர் சிரமப்படக் கூடாது அல்லவா! போகும்போது அவர்களில் ஒருவன் தொப்பியைக் கழற்றி, "மன்னிச்சுக்கங்கம்மா, சொன்னதைத்தான் செய்யுறோம்," என்றான். மொத்த வழக்கிலும் அவளிடம் மன்னிப்புக் கேட்ட ஒரே அரசாங்க ஆள் அவன்.

அடுத்த நாள் மதகைத் திறந்தார்கள். லவோனாவும் டெல்பர்ட்டும் மேட்டில் இருந்த பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய்விட்டார்கள். அதன் ஜன்னலிலிருந்து பார்த்தால் காசிட் வளைவு தெரியும். முதலில் பீக்கன் மரங்களின் கால் மறைந்தது. பிறகு வராந்தா. தண்ணீர் இரண்டு அறைக்குள்ளும் ஒரே நேரத்தில் போயிருக்க வேண்டும். மாலைக்குள் கூரையின் முதுகும் புகைபோக்கியும் மட்டும் வெளியே நின்றன. டெல்பர்ட் எழுந்து, இடுப்பு வலியோடு நடந்துபோய், அக்காவின் தோளில் ஒரு கம்பளியைப் போட்டான்.

வீடு போயிற்று, இனி என்ன செய்ய முடியும் என்று நினைப்பீர்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் கோர்ட் அப்போதுதான் விழித்துக்கொண்டது.

ஒரு மார்ஷல் உடற்பயிற்சிக் கூடத்துக்கு வந்து அவளுக்குச் சம்மன் கொடுத்தார். உத்தரவை மீறியதற்காக வாரியத்தைத் தண்டிக்கப் போகிறார்கள், தன்னைச் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள் என்று லவோனா நினைத்தாள். நல்ல சட்டை ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனாள். போய் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தபோது மிஸ் ஆர்டிஸ் வந்து தோளைத் தொட்டாள்.

"இது வாதி உக்கார்ற இடம்மா. நீங்க அந்தப் பக்கம். நீங்க பிரதிவாதி."

வெதர்பி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை யாரும் பார்த்ததில்லை.

"நூறு வருஷமா இந்த கோர்ட்டை வாட்டி வந்த சந்தேகத்தை இயற்கையே தீர்த்து வெச்சிருக்கு. படகு ஓடுற தண்ணி எங்க இருந்தாலும், அது மேல நடக்குற எல்லாத்தையும் விசாரிக்க ஃபெடரல் கோர்ட்டுக்குப் பூரண அதிகாரம் உண்டு. கடல் வழக்குகளுக்கான பழைய சட்டம் அது. வடக்கு, தெற்கு எந்தச் சங்கடமும் இல்ல. என் சகோதரர் கல்பெப்பர் இதை எனக்கே விட்டுக்கொடுத்துட்டார், நானும் இந்த ஒரு தடவை ஏத்துக்கிட்டேன். காசிட் வளைவுல இப்போ படகு ஓடுது. ஆகவே இன்னைக்கு, இந்த நிமிஷத்துல, திருமதி கிரிம்ஸ் வீட்டு மேல இந்த கோர்ட்டுக்கு முழு அதிகாரம் இருக்கு!"

கோர்ட்டில் கைதட்டினார்கள். கோர்ட்டில் கைதட்டக் கூடாது, அன்றைக்கு அனுமதித்தார்கள்.

"அப்போ வாரியத்தை..." என்று டூலி எழுந்தார்.

"வாரியம்தான் மனு போட்டிருக்கு," என்றார் வெதர்பி. "மிஸ்டர் பெல்?"

பெல் எழுந்து வருத்தத்தோடு விளக்கினார். வெள்ளத்தைப் பார்வையிடப் போன வாரியத்தின் படகு ஒன்று திருமதி கிரிம்ஸின் புகைபோக்கியில் மோதிவிட்டது. படகுகள் போகும் பாதையில் முன்னறிவிப்போ விளக்கோ இல்லாமல் ஒரு வீட்டை வைத்திருப்பது குற்றம். சொந்தக்காரர் அதை உடனே அகற்ற வேண்டும். அகற்றுகிற வரைக்கும் ஒவ்வொரு நாளைக்கும் அபராதம் கட்ட வேண்டும்.

டூலி தடுமாறினார். "யுவர் ஆனர், அந்த வீடு தண்ணிக்குள்ள போகல. தண்ணிதான் வீட்டுக்குள்ள வந்தது. அடுப்படிக்கு உங்க தடையாணை இருந்ததே!"

"அந்தத் தடையாணையை மறுபரிசீலனை செய்தேன்," என்றார் வெதர்பி. "அது தரை மேல இருந்த அடுப்படிக்குக் கொடுத்தது. இப்போ தரை இல்ல. ஆணை தானாவே காலாவதி. வருத்தம்தான், என் உத்தரவுகள்ல நல்லா எழுதப்பட்டது அது." பிறகு அவர் லவோனாவைப் பார்த்துப் புன்னகை செய்தார். அந்தப் புன்னகையில் உண்மையான அன்பு இருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். "அம்மா, இந்த கோர்ட் இரக்கமில்லாதது இல்ல. உங்க வழக்கால எங்க வரலாறு முழுமையாச்சு. அதனால ஒரு வழி சொல்றேன். அந்த வீடு உங்களோடது இல்லன்னு, அதைக் கைவிட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும். சொந்தக்காரர் இல்லாத இடிபாடா அதை வாரியமே வெடி வெச்சுத் தகர்த்துரும். உங்களுக்கு அபராதமும் இல்ல, வழக்கும் இல்ல. போய் நிம்மதியா இருங்க. சொல்லுங்க, அந்த வீடு உங்களோடதா?"

டூலி குனிந்து அவள் காதில் சொன்னார்: "இல்லைன்னு சொல்லிருங்கம்மா. கும்பிட்டுக் கேக்குறேன். ஆமான்னா உங்களால தாங்க முடியாது."

லவோனா எழுந்து நின்றாள். இரவல் சட்டையின் கைகள் அவளுக்கு நீளமாக இருந்தன. அவற்றை மடித்து மேலே விட்டுக்கொண்டாள். சுவரில் தொங்கிய எண்ணெய் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"என் வீடு," என்றாள்.

"திருமதி கிரிம்ஸ், யோசிச்சு..."

"எல்லாம் யோசிச்சாச்சு. இத்தனை நாள் அது யாரோட கோர்ட்டுல இருக்குன்னு தேடுனீங்களே, யாரோட வீடுன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? இப்போ கேக்குறீங்க, எதுக்கு? நான் இல்லைன்னு சொல்லணும்கறதுக்காக. சொல்ல மாட்டேன். தண்ணி உங்களோடது, தொறந்தது நீங்க. கல்லு உங்களோடது, எடுத்துட்டுப் போங்க. வீடு என்னோடது. அது தண்ணிக்கு அடியில இருந்தாலும் என்னோடது, சேத்துக்கு அடியில இருந்தாலும் என்னோடது. நல்லாப் பெருசா எழுதிக்கங்க."

"சொந்தம் என்பதைப் பிரதிவாதி ஒப்புக்கொண்டார்," என்று வெதர்பி மிஸ் ஆர்டிஸுக்கு எடுத்துச் சொன்னார். அபராதம் அன்றிலிருந்தே தொடங்கியது. எல்லாரும் எழுந்து நின்றார்கள், நீதிபதி உள்ளே போனார். அவருக்கு அன்று மாலை விழாக் குழுவின் விருந்து இருந்தது.

வெளியே வண்டியில் டெல்பர்ட் காத்திருந்தான். உள்ளே நடந்ததை டூலி அவனிடம் சொல்லி முடித்துவிட்டு, தலையில் கைவைத்துக்கொண்டு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன்க்கா," என்றான் டெல்பர்ட். "ஒரே ஒரு வார்த்தைதானே. சொல்லித் தொலைச்சிருந்தா விட்டிருப்பானுங்களே."

"அந்த ஒரு வார்த்தைய வாங்குறதுக்குத்தாண்டா அவ்ளோ பெரிய கட்டடம் கட்டி வெச்சிருக்கானுங்க." அவள் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். "வண்டிய எடு. கடை சாத்துறதுக்குள்ள மண்வெட்டி வாங்கணும். தண்ணி வடியட்டும், சேறு அள்ள நெறைய இருக்கு."